ஆறு நாள் படைப்பும் ஒரு பள்ளிக்கூட வழக்கும்

1925 ஜூலை 20, திங்கட்கிழமை பிற்பகல். அமெரிக்காவின் டென்னசி மாநிலத்தில் டேட்டன் என்ற சிற்றூரின் நீதிமன்றத்தில் வெக்கை தாங்க முடியவில்லை. திரண்டிருந்த கூட்டத்தின் பாரத்தை மாடித் தளம் தாங்குமா என்ற பயமும் சேர்ந்துகொள்ளவே, பரிணாமம் கற்பித்ததாக ஒரு பள்ளி ஆசிரியர்மீது தொடுக்கப்பட்ட வழக்கின் விசாரணையை நீதிபதி ஜான் ரால்ஸ்டன் வெளியே மரத்தடி மேடைக்கு மாற்றினார். அங்கே எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கிளாரன்ஸ் டாரோ வழக்கத்தில் இல்லாத ஒரு காரியம் செய்தார். அரசுத் தரப்பில் வாதாட வந்திருந்த வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையனையே விவிலிய நிபுணராகச் சாட்சிக் கூண்டில் ஏற்றினார். யோனாவை விழுங்கிய மீன், யோசுவாவுக்காக நின்ற சூரியன், காயீனுக்கு மனைவி வந்த வழி, நோவா கால வெள்ளத்தின் தேதி என்று கேள்விகள் ஏறத்தாழ இரண்டு மணி நேரம் நீண்டன. ஆதியாகமம் சொல்லும் ஆறு நாட்களும் இருபத்துநான்கு மணி நேர நாட்களா என்று கேட்டபோது, அப்படி இருக்க வேண்டியதில்லை, அவை நெடுங்காலப் பருவங்களாகவும் இருக்கலாம் என்று பிரையன் பதில் சொன்னார். இந்த ஒரு பதிலில் அவர் சரிந்தார் என்றுதான் அந்த வழக்கின் கதையைப் பலரும் சொல்லி வந்திருக்கிறார்கள். ஆனால் பிரையன் அன்று சொன்னது அவர் காலத்துப் புராட்டஸ்டன்ட் அறிஞர் பலரின் வழக்கமான நிலைப்பாடு. உலகம் ஆறாயிரம் ஆண்டுக்கு முன் ஆறே நாளில் படைக்கப்பட்டது, அதை அறிவியலாகவே பள்ளியில் கற்பிக்க வேண்டும் என்று இன்று கேட்கும் குரல், தொன்மையான நம்பிக்கையின் எச்சம் போலத் தோன்றுகிறது. வரலாற்றைப் புரட்டினால் அது டார்வினுக்குப் பின் பிறந்தது என்று தெரிகிறது. அதைப் பெற்று வளர்த்த இடம் தேவாலயம் என்பதைவிடப் பள்ளிக்கூடம் என்று சொல்வதே பொருந்தும்.

கிறித்தவத்தின் முதல் நூற்றாண்டுகளிலேயே ஆறு நாள் என்பதை எப்படிக் கொள்வது என்ற கேள்வி எழுந்துவிட்டது. சூரியன் நான்காம் நாளில்தான் படைக்கப்பட்டது என்றால், முதல் மூன்று நாட்களுக்கு மாலையும் காலையும் எங்கிருந்து வந்தன என்று மூன்றாம் நூற்றாண்டில் ஓரிகன் கேட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆதியாகமத்துக்கு விரிவான உரை எழுதிய அகஸ்டின், படைப்பு ஒரே கணத்தில் நிகழ்ந்தது, நாட்கணக்கு மனிதரின் அறிவுக்கு ஏற்ப அமைக்கப்பட்ட வரிசை என்று கருதினார். வானத்தையும் பூமியையும் பற்றிச் சான்றோடு தெரிந்த செய்திகளுக்கு மாறாகக் கிறித்தவர்கள் வேதத்தின் பேரால் பேசினால் வேதத்துக்குத்தான் இழுக்கு என்றும் அவர் எச்சரித்திருக்கிறார். இதற்கு எதிர்ச்சான்று இல்லாமல் இல்லை. மார்ட்டின் லூதர் ஆறு நாள் என்றால் ஆறு நாள்தான் என்றார். அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் 1650-இல் படைப்பின் ஆண்டைக் கி.மு. 4004 என்று கணக்கிட்டார். அந்த எண், 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் ஆங்கில விவிலியங்களின் ஓரக்குறிப்பில் அச்சாகி, வேதத்தின் பகுதியே போல வீடு வீடாகப் போய்ச் சேர்ந்தது. அப்படியானால் நேர்ப்பொருள் வாசிப்பு பழையதுதானே என்று கேட்கலாம். பழையதுதான். ஆனால் லூதரும் அஷரும் எந்தச் சான்றையும் ஒதுக்கிவிட்டு அதைச் சொல்லவில்லை. பூமியின் வயதைப் பேசும் சான்று அவர்கள் கையில் வேறெதுவும் இல்லை. அஷர் விவிலியத்தோடு பாரசீக, கிரேக்க, பாபிலோனிய வரலாற்றுக் குறிப்புகளையும் ஒப்புநோக்கி, தன் காலத்தின் சிறந்த புலமையைக் கொண்டே கணக்குப் போட்டார். சான்று இல்லாத காலத்தில் ஒன்றை நம்புவது வேறு, கையில் கிடைத்த சான்றை மறுத்து அதையே பிடித்துக்கொள்வது வேறு.

சான்று கிடைக்கத் தொடங்கியபோது முதலில் தம் கருத்தை மாற்றிக்கொண்டவர்களில் பாதிரிகளும் இருந்தார்கள் என்பதை அழுத்தியே சொல்ல வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் புவியியல் கற்பித்த வில்லியம் பக்லண்டும் கேம்பிரிட்ஜில் கற்பித்த ஆடம் செட்ஜ்விக்கும் ஆங்கிலிகன் சபையில் குருப்பட்டம் பெற்றவர்கள். இருவரும் தொடக்கத்தில் மேற்பரப்புப் படிவுகளை நோவா கால வெள்ளத்தின் தடயம் என்றே நம்பினார்கள். பாறை அடுக்குகளைத் தொடர்ந்து ஆராய்ந்த செட்ஜ்விக், 1831-இல் லண்டன் புவியியல் சங்கத்தின் தலைமை நாற்காலியில் இருந்தபடியே அந்தக் கருத்தைக் கைவிடுவதாக அறிவித்தார். ஸ்காட்லாந்தின் புகழ்பெற்ற போதகர் தாமஸ் சால்மர்ஸ் 1814-இலேயே ஒரு வழி காட்டியிருந்தார். ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் இடையே எண்ணற்ற ஆண்டுகள் கழிந்திருக்கலாம், பாறைகளில் கிடக்கும் உயிர்கள் அந்த இடைவெளியைச் சேர்ந்தவை என்பது அவர் விளக்கம். கல்தச்சராக இருந்து எழுத்தாளரான ஹியூ மில்லர், ஒவ்வொரு நாளும் ஒரு பெரும் புவியியல் காலம் என்று எழுதினார். டார்வினின் 'உயிரினங்களின் தோற்றம்' 1859-இல் வெளிவருவதற்கு முன்பே இவை எல்லாம் நடந்து முடிந்துவிட்டன. பூமி மிகப் பழையது என்பதைக் கற்றறிந்த கிறித்தவ உலகம் டார்வினின் தூண்டுதல் இல்லாமலே ஏற்றிருந்தது. செட்ஜ்விக் தன் மாணவரான டார்வினின் கொள்கையைக் கடுமையாக எதிர்த்தவர். அந்த எதிர்ப்பிலும் அவர் பூமியின் வயதைச் சர்ச்சை ஆக்கவில்லை.

உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்தவை, மனிதனும் அந்த வரிசையில் வந்தவன் என்ற கருத்து இதைவிடப் பெரிய அதிர்ச்சி. அதற்கு எதிர்ப்பு இருந்தது, அந்த எதிர்ப்பு வலுவாகவும் இருந்தது. பிரின்ஸ்டன் இறையியலாளர் சார்லஸ் ஹாட்ஜ் 1874-இல் எழுதிய நூலில் டார்வினியம் நாத்திகமே என்று தீர்த்துச் சொன்னார். அதே பிரின்ஸ்டனில் அடுத்த தலைமுறையில் இருந்த பெஞ்சமின் வார்ஃபீல்ட், வேதத்தில் பிழையே இல்லை என்ற கோட்பாட்டை வகுத்துத் தந்தவர்களில் முதன்மையானவர். பரிணாமம் கடவுள் செயல்படும் முறையாக இருக்கலாம் என்பதற்கு அவர் இடம் கொடுத்தார். அமெரிக்காவில் டார்வினுக்காக முதலில் வாதாடிய ஹார்வர்ட் தாவரவியலாளர் ஏசா கிரே ஒரு பக்தி மிகுந்த கிறித்தவர். இங்கிலாந்தில் பரிணாமத்தை ஏற்று 1884-இல் விரிவுரைகள் நிகழ்த்திய ஃபிரெடெரிக் டெம்பிள், 1896-இல் கேன்டர்பரிப் பேராயர் ஆனார். எல்லா இடத்திலும் இப்படி இணக்கம் இருந்தது என்று சொன்னால் அது பொய். அமெரிக்கக் கத்தோலிக்கப் பாதிரியார் ஜான் சாம் 1896-இல் பரிணாமத்தையும் திருச்சபைப் போதனையையும் இணக்கி எழுதிய நூலை ரோம் இரண்டே ஆண்டில் தடுத்தது. மனித உடல் முந்தைய உயிர்களிலிருந்து வந்ததா என்பதை ஆராயலாம் என்று ஒரு திருத்தந்தை வெளிப்படையாகச் சொல்ல 1950 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆனால் இந்தச் சண்டைகளில் யாரும் ஆறாயிரம் ஆண்டு என்ற எண்ணுக்காகப் போராடவில்லை. மனிதனின் ஆன்மா, அவன் கண்ணியம், உலகில் நோக்கம் என்று ஒன்று உண்டா என்பவையே அவர்களை உறுத்திய கேள்விகள்.

அடிப்படைவாதம் என்ற பெயருக்கே ஊற்றான நூல் வரிசை 1910 முதல் 1915 வரை பன்னிரண்டு தொகுதிகளாக வெளிவந்தது. கலிஃபோர்னிய எண்ணெய் வணிகச் சகோதரர்கள் லைமன் ஸ்டூவர்ட்டும் மில்டன் ஸ்டூவர்ட்டும் பணம் கொடுக்க, ஏறத்தாழ 30 லட்சம் பிரதிகள் போதகர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் இலவசமாக அனுப்பப்பட்டன. அதில் எழுதிய ஸ்காட்லாந்து இறையியலாளர் ஜேம்ஸ் ஆர், உலகம் அளவிட முடியாத பழமை உடையது என்று ஒப்புக்கொண்டு, ஒரு வகைப் பரிணாமத்துக்கும் கதவைத் திறந்து வைத்தார். பனியாற்றுப் படிவுகளை ஆராய்ந்த ஜார்ஜ் ஃபிரெடெரிக் ரைட்டும் அதே வரிசையில் எழுதினார். அடிப்படைவாதிகளின் வீட்டு நூலாக விளங்கிய 1909-ஆம் ஆண்டின் ஸ்கோஃபீல்ட் விவிலியம், சால்மர்ஸ் சொன்ன அந்த நெடுங்கால இடைவெளியைத் தன் குறிப்புகளில் போதித்தது. எனவே 1925-இல் டேட்டன் மேடையில் பிரையன் நாட்களைப் பருவங்கள் என்றபோது அவர் தன் கூட்டத்தாரின் நூல்களுக்குப் புறம்பாக எதுவும் சொல்லவில்லை. வழக்குக்குச் சற்று முன் மருத்துவர் ஹோவர்ட் கெல்லிக்கு எழுதிய கடிதத்தில் மனிதனுக்கு முந்தைய பரிணாமத்தில் தனக்கு ஆட்சேபம் இல்லை என்றே பிரையன் குறித்திருந்தார். மனிதனைத் தொட வேண்டாம் என்பதுதான் அவர் கோரிக்கை.

அப்படியானால் 1920-களில் இந்தக் கொதிப்பு ஏன்? விடை பள்ளிகளில் இருக்கிறது. 1890-இல் அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளில் படித்தவர்கள் சுமார் 2 லட்சம் பேர். 1920-இல் அது சுமார் 20 லட்சம் ஆனது. டென்னசி மலைக் கிராமங்களின் பிள்ளைகள், தங்கள் பெற்றோர் கண்டிராத உயிரியல் பாடத்தைத் திறந்து படித்த முதல் தலைமுறை. அதுவரை பரிணாமம் பேராசிரியர்களும் போதகர்களும் தமக்குள் பேசிய பொருள். இப்போது அது அரசு தேர்ந்தெடுத்த புத்தகமாக, வரிப்பணத்தில், கட்டாயக் கல்விச் சட்டத்தின் துணையோடு வீட்டுக்குள் வந்தது. ஜான் வாஷிங்டன் பட்லர் ஒரு விவசாயி, மாநிலச் சட்டமன்ற உறுப்பினர், பிரிமிட்டிவ் பாப்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். அவர் கொண்டுவந்த மசோதா கீழவையில் 71-க்கு 5 என்றும் மேலவையில் 24-க்கு 6 என்றும் நிறைவேறியது. 1925 மார்ச்சில் ஆளுநர் ஆஸ்டின் பீ கையெழுத்திட்டார். விவிலியம் சொல்லும் மனிதப் படைப்பை மறுத்து, மனிதன் கீழ்நிலை விலங்குகளிலிருந்து வந்தவன் என்று அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் கற்பிப்பது குற்றம் என்றது சட்டம். பூமியின் வயதைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. தவளையும் குதிரையும் எப்படி வந்தன என்பதைப் பற்றியும் இல்லை.

பிரையனை முட்டாளாகக் காட்டுவது எளிது. பலர் அதைச் செய்திருக்கிறார்கள், அது நேர்மையான வரலாறு ஆகாது. மூன்று முறை ஜனநாயகக் கட்சியின் குடியரசுத் தலைவர் வேட்பாளராக நின்றவர் அவர். பெண்களுக்கு வாக்குரிமை, வருமான வரி, செனட்டர்களை மக்களே தேர்ந்தெடுக்கும் முறை ஆகியவற்றுக்காகப் பேசியவர். அமெரிக்கா முதல் உலகப்போரை நோக்கி நகர்வதாகக் கண்டு 1915-இல் வெளியுறவு அமைச்சர் பதவியைத் துறந்தவர். வலியவனே வாழ்வான் என்ற சித்தாந்தத்தை ஜெர்மானிய ராணுவ அதிகாரிகள் போருக்கு நியாயமாகப் பேசியதை உயிரியலாளர் வெர்னான் கெல்லாக் 1917-இல் நூலாக எழுதினார். அதைப் படித்த பிரையன் டார்வினியம் இரக்கத்தைக் கொல்கிறது என்று முடிவுக்கு வந்தார். இந்தக் கவலையில் உண்மை இருந்தது. டேட்டன் பள்ளியில் பயன்பட்ட ஜார்ஜ் வில்லியம் ஹன்டரின் 1914-ஆம் ஆண்டு உயிரியல் நூல், மனித இனங்களைத் தரவரிசைப்படுத்தி வெள்ளையரை உச்சியில் வைத்தது. ஏழ்மையையும் குற்றத்தையும் பரம்பரை நோயாகக் காட்டி, அத்தகைய குடும்பங்கள் பெருகாமல் தடுக்க வேண்டும் என்ற இனமேம்பாட்டுக் கொள்கையைப் பிள்ளைகளுக்குப் பாடமாக வைத்தது. டேட்டன் வழக்கு நடந்து இரண்டே ஆண்டில், 1927-இல், அமெரிக்க உச்ச நீதிமன்றம் வர்ஜீனியாவின் கட்டாயக் கருத்தடைச் சட்டத்தைச் செல்லும் என்றது. ஆகவே பிரையனின் பக்கம் நியாயம் இருந்தது என்று சிலர் இன்றும் வாதிடுகிறார்கள். அவர்கள் பட்லர் சட்டத்தை ஒருமுறை படிக்க வேண்டும். இனத் தரவரிசையை அது தடுக்கவில்லை, கருத்தடைப் பிரசாரத்தைத் தடுக்கவில்லை. ஹன்டரின் நூலில் உண்மையிலேயே தீங்கான பக்கங்களை அப்படியே விட்டுவிட்டு, மனிதன் விலங்குகளோடு உறவு உடையவன் என்ற சரியான செய்தியை மட்டும் குற்றமாக்கியது. அறத்தின் பேரால் எழுந்த அச்சம், சட்டமாக மாறும்போது அறத்தைத் தவறவிட்டு வேதவசனத்தைப் பிடித்துக்கொண்டது.

டேட்டன் இந்த வழக்கைத் தானே விரும்பி வரவழைத்துக்கொண்ட ஊர். ஒரு காலத்தில் இரும்பு உலைகளாலும் நிலக்கரியாலும் செழித்த இடம் அது. ஆலை நொடித்தபின் மக்கள் வெளியேறி, 1925-இல் அங்கே இருந்தவர்கள் சுமார் 1,800 பேர். புதிய சட்டத்தைச் சோதிக்க முன்வரும் ஆசிரியருக்காக வாதாடத் தயார் என்று நியூயார்க்கின் அமெரிக்கன் சிவில் லிபர்ட்டீஸ் யூனியன் செய்தித்தாளில் அறிவித்தது. அதைப் பார்த்த சுரங்க நிர்வாகி ஜார்ஜ் ராப்பல்யே, இப்படி ஒரு வழக்கு நடந்தால் ஊருக்குப் பெயர் கிடைக்கும் என்று ராபின்சனின் மருந்துக்கடையில் ஊர்ப் பெரியவர்களிடம் பேசினார். ராபின்சன் மாவட்டப் பள்ளி வாரியத்தின் தலைவர். ஹன்டரின் புத்தகமும் அவர் கடையில்தான் விற்பனையானது. 24 வயது ஜான் ஸ்கோப்ஸ் அங்கே அறிவியல் ஆசிரியர், கால்பந்துப் பயிற்சியாளர். உயிரியல் ஆசிரியர் விடுப்பில் இருந்தபோது அவருக்குப் பதிலாக வகுப்பெடுத்தவர். பரிணாமப் பாடத்தைத் தான் நடத்தினேனா என்பதே அவருக்கு உறுதியாக நினைவில்லை. ஆனாலும் குற்றம்சாட்டப்பட ஒப்புக்கொண்டார். எந்தப் புத்தகத்தைப் பயன்படுத்தும்படி மாநிலம் ஆசிரியர்களிடம் சொன்னதோ, அதே புத்தகத்தை நடத்தினால் அதே மாநிலத்தின் சட்டப்படி குற்றம் என்ற நிலை.

எதிர்த்தரப்பு விஞ்ஞானிகளைச் சாட்சிக்கு அழைத்து வந்திருந்தது. அவர்களுள் கூண்டில் ஏறியவர் விலங்கியலாளர் மேனார்ட் மெட்காஃப் ஒருவர் மட்டுமே. அதுவும் ஜூரிகள் வெளியே அனுப்பப்பட்ட பிறகு. அவர் தன் சபையில் ஞாயிறு வகுப்பு நடத்திய விசுவாசி. பரிணாமத்தை ஏற்பவன் விவிலியத்தை மறுக்க வேண்டியதில்லை என்று நிறுவத்தான் அவரைப் போன்றவர்களை அழைத்திருந்தார்கள். சட்டத்தின் வாசகமே விவிலியத்தை மறுப்பதைக் குற்றம் என்றதால், விவிலியத்துக்கு ஒரே பொருள்தானா என்பது வழக்கின் உயிர்நாடியான கேள்வி. நீதிபதி அந்தச் சாட்சியம் தேவையில்லை என்று மூடிவிட்டார். அதனால்தான் டாரோ பிரையனை அழைக்க நேர்ந்தது. அந்தக் குறுக்கு விசாரணையில் ஒரு விசித்திரம் உண்டு. டாரோ அறியொணாவாதி. மதத்தை மனிதகுலத்தின் சுமையாகப் பார்த்தவர். அவருடைய கேள்விகள் எல்லாம் வேதத்தை எழுத்துக்கு எழுத்து எடுப்பதே நேர்மையான வாசிப்பு, மற்றவை நழுவல் என்ற அனுமானத்தில் எழுந்தவை. பிற்காலத்து ஆறாயிரம் ஆண்டுக்காரர்களும் பிரையனை அதே காரணத்துக்காகக் குறை சொன்னார்கள். வேதத்தை முற்றாக மறுப்பவரும் முற்றாக எழுத்தின்படி ஏற்பவரும் ஒரே வாசிப்பு முறையில் உடன்பட்டு, அகஸ்டின் முதல் வார்ஃபீல்ட் வரையிலான நீண்ட மரபைக் கணக்கில் எடுக்காமல் போனார்கள்.

மறுநாள் நீதிபதி பிரையனின் சாட்சியத்தைப் பதிவிலிருந்தே நீக்கினார். ஜூரிகள் ஒன்பது நிமிடத்தில் குற்றம் உறுதி என்றார்கள். நீதிபதி விதித்த அபராதம் 100 டாலர். ஐந்து நாள் கழித்து, அதே ஊரில், பிற்பகல் தூக்கத்திலேயே பிரையன் இறந்துபோனார். ஐம்பது டாலருக்கு மேற்பட்ட அபராதத்தை ஜூரிகளே விதிக்க வேண்டும் என்ற மாநில விதியைக் காட்டி, 1927-இல் டென்னசி உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்துசெய்தது. சட்டம் செல்லும் என்றே வைத்தது. 1955-இல் நாடகமாகவும் 1960-இல் திரைப்படமாகவும் வந்த 'இன்ஹெரிட் த விண்ட்' இந்த வழக்கை இருளின் மீது ஒளி பெற்ற வெற்றியாக உலகுக்குக் காட்டியது. நடந்தது வேறு. மிசிசிப்பி 1926-இல் இதே போன்ற சட்டம் இயற்றியது. ஆர்கன்சா 1928-இல் பொதுமக்கள் வாக்கெடுப்பின் வழியாகவே இயற்றியது. சட்டமே இல்லாத மாநிலங்களிலும் பதிப்பாளர்கள் விற்பனையை நினைத்துப் பரிணாமத்தைப் புத்தகங்களிலிருந்து மெல்லக் கழற்றினார்கள். ஹன்டரின் நூலே 1926-இல் திருத்தப்பட்டு, அந்தச் சொல்லைத் தவிர்த்தபடி மறுபதிப்பானது. ஒரு தலைமுறைக்கும் மேலாக அமெரிக்க மாணவர் பலர் உயிரியலின் அச்சாணியை அறியாமலே பள்ளிப் படிப்பை முடித்தார்கள். யாரும் தண்டிக்கப்படவில்லை. சிறைக்கும் அபராதத்துக்கும் வேலை இல்லாமல், பாடநூலின் மௌனமே காரியத்தை முடித்துவிட்டது.

ஆறாயிரம் ஆண்டு என்ற எண் மீண்டும் அரங்கேறியது இதற்குப் பிறகுதான், அதன் விதை மட்டும் வழக்குக்குச் சற்று முன்பே விழுந்திருந்தது. ஜார்ஜ் மெக்ரெடி பிரைஸ் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். முறையான புவியியல் பயிற்சி இல்லாதவர். தன் சபையின் தீர்க்கதரிசியான எலன் ஒயிட் கண்ட தரிசனங்களுக்கு இசைய, பாறை அடுக்குகள் அனைத்தும் நோவா கால வெள்ளத்தில் ஒரே ஆண்டில் படிந்தவை என்று 1923-இல் ஒரு பெரிய நூல் எழுதினார். பிரையன் சாட்சிக் கூண்டில் தனக்கு ஆதரவான விஞ்ஞானி என்று அவர் பெயரைச் சொன்னார், ஆனால் அவர் கணக்கை ஏற்கவில்லை. அந்தக் கருத்து நெடுங்காலம் ஒரு சிறு சபையின் எல்லைக்குள் கிடந்தது. 1957-இல் சோவியத் ஒன்றியம் ஸ்புட்னிக்கை ஏவியதும் அமெரிக்க அரசு அறிவியல் கல்வியில் பணத்தைக் கொட்டியது. 1960-களின் தொடக்கத்தில் உயிரியலாளர்களே எழுதிய புதிய பாடநூல்கள் பரிணாமத்தை நடுவில் வைத்து வகுப்பறைக்குத் திரும்பின. அதே சமயம், 1961-இல், இறையியலாளர் ஜான் விட்கோம்பும் நீரியல் பொறியாளர் ஹென்றி மாரிஸும் பிரைஸின் வெள்ளப் புவியியலைப் புதுப்பித்து எழுதிய நூல் வெளிவந்தது. இடைவெளி விளக்கத்தையும் நெடுங்காலப் பருவ விளக்கத்தையும் சமரசம் என்று அவர்கள் தள்ளினார்கள். 1909-இல் அடிப்படைவாதிகளின் விவிலியமே போதித்ததை 1970-களில் அவர்களின் பேரர்கள் விசுவாசக் குறைவாகப் பார்க்கத் தொடங்கினார்கள். புராட்டஸ்டன்ட் உலகில் நூறாண்டுக்கு மேலாகக் கற்றவர்களிடையே ஓய்ந்திருந்த ஒரு கருத்து, பாடநூலுக்கு எதிரான ஆயுதமாகக் கூர்தீட்டப்பட்டு மறுபிறவி எடுத்தது.

நீதிமன்றங்களின் வரலாறு இதற்குச் சாட்சி. டென்னசி 1967-இல் தன் சட்டத்தைத் தானே நீக்கியது. 1968-இல் ஆசிரியை சூசன் எப்பர்சன் தொடுத்த வழக்கில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஆர்கன்சாவின் தடையை அரசியலமைப்புக்கு முரண் என்றது. தடை போனதும் சமநேரம் என்ற கோரிக்கை வந்தது. பரிணாமம் கற்பித்தால் படைப்பு அறிவியலையும் கற்பிக்க வேண்டும் என்று ஆர்கன்சா 1981-இல் சட்டம் இயற்றியது. அதை எதிர்த்து நீதிமன்றம் போனவர்களின் பட்டியலில் முதல் பெயர் ஒரு மெதடிஸ்ட் போதகருடையது. அவரோடு மெதடிஸ்ட், எபிஸ்கோபல், ரோமன் கத்தோலிக்க, ஆப்பிரிக்க மெதடிஸ்ட் ஆயர்களும் நின்றார்கள். மதத்துக்கும் அறிவியலுக்கும் சண்டை என்று சொல்பவர்கள் இந்தப் பெயர்களை எங்கே வைப்பார்கள்? 1982-இல் அந்தச் சட்டமும், 1987-இல் லூசியானாவின் ஒத்த சட்டமும் வீழ்ந்தன. பிறகு கடவுளின் பெயரைச் சொல்லாமல் அறிவார்ந்த வடிவமைப்பு என்று பேசினார்கள். பென்சில்வேனியாவின் டோவர் பள்ளி வாரியம் அதை வகுப்பறைக்குக் கொண்டுவர முயன்ற வழக்கில், அவர்கள் பரிந்துரைத்த துணைநூலின் பழைய வரைவுகளைச் சாட்சியாளர் பார்பரா ஃபாரஸ்ட் நீதிமன்றத்தில் விரித்துக் காட்டினார். 1987 தீர்ப்புக்கு முந்தைய வரைவுகளில் படைப்பு என்று இருந்த இடமெல்லாம் பிந்தைய வரைவுகளில் வடிவமைப்பு என்று மாற்றப்பட்டிருந்தது. குடியரசுக் கட்சியைச் சேர்ந்த குடியரசுத் தலைவர் ஒருவரால் நியமிக்கப்பட்ட நீதிபதி ஜான் ஜோன்ஸ், 2005 டிசம்பரில், இது மதம்தான், அறிவியல் அல்ல என்று தீர்ப்பளித்தார்.

வரி கட்டும் பெற்றோர்தாமே தங்கள் பிள்ளைகள் படிப்பதைத் தீர்மானிக்க வேண்டும் என்ற பிரையனின் வாதம் இன்னும் உயிரோடு இருக்கிறது. மக்களாட்சியில் அதற்கு ஒரு கவர்ச்சி உண்டு. பள்ளி எந்த ஊரில், எத்தனை மணிக்கு, எந்த மொழியில் நடக்க வேண்டும் என்பதைப் பெரும்பான்மை தீர்மானிக்கலாம். திமிங்கிலத்தின் மூதாதைகள் நிலத்தில் நடந்தனவா என்பதை அது தீர்மானிக்க முடியாது. எந்தப் பெரும்பான்மை என்ற கேள்வியும் இருக்கிறது. பாப்டிஸ்டுகள் மிகுந்த மாவட்டத்தில் ஒரு படைப்பு, கத்தோலிக்கர் மிகுந்த மாவட்டத்தில் வேறொன்று, யூதர் தெருவில் மூன்றாவது என்று பாடநூல் எழுத முடியுமா? இன்னொரு பக்கத்தில் ஐயவாதிகளின் கேள்வி. சான்று வரும்போதெல்லாம் பொருளை மாற்றிக்கொள்ளும் நூலால் என்ன பயன், அதை விட்டுவிடுவதே நேர்மை அல்லவா என்கிறார்கள். இந்தக் கேள்வி கடுமையானது. பூமியின் வயதையும் உயிர்களின் வரலாற்றையும் பொறுத்தவரை எந்த வேதமும் சாட்சி ஆகாது என்பதில் எனக்கு ஐயமில்லை. இருநூறு ஆண்டு வரலாறு அதைத் தெளிவாகக் காட்டுகிறது. நூலுக்கும் பாறைக்கும் முரண் வந்த ஒவ்வொரு முறையும் மாறியது நூலின் வாசிப்பே, பாறை ஒருமுறையும் மாறவில்லை. வேதத்தில் எஞ்சும் அறமும் வழிபாடும் ஒருவருக்குப் போதுமா என்பது அவரவர் முடிவு. அந்த முடிவுக்காகக் காத்திருந்து உயிரியல் பாடத்தை நிறுத்தி வைக்க வேண்டியதில்லை. டோவர் வழக்கில் மனிதக் குரங்குகளுக்கு 24 இணைக் குரோமோசோம்கள் இருக்க, நமக்கு 23 மட்டும் ஏன், அவற்றில் இரண்டு ஒட்டிய தழும்பு நம் இரண்டாம் குரோமோசோமில் எப்படித் தெரிகிறது என்று விளக்கிய உயிரியலாளர் கென்னத் மில்லர், கோவிலுக்குப் போகும் கத்தோலிக்கர்.

பிரையனின் நினைவாக 1930-இல் டேட்டனில் ஒரு கல்லூரி தொடங்கப்பட்டது. ஆதாமும் ஏவாளும் கடவுளால் நேரே படைக்கப்பட்டவர்கள், முந்தைய உயிர்வடிவங்களிலிருந்து வந்தவர்கள் அல்லர் என்ற விளக்கத்தை 2014-இல் அந்தக் கல்லூரி தன் விசுவாச அறிக்கையோடு சேர்த்தது. கையெழுத்திட மனமில்லாத ஆசிரியர்கள் சிலர் வேலையை விட்டார்கள். சட்டம், வாரியம், விசுவாச அறிக்கை என்று வடிவம் மாறினாலும் குறி வகுப்பறைதான்.

பாடநூலின் மௌனம் அமெரிக்காவோடு நிற்கவில்லை. இந்தியாவில் 2023-இல் தேசியக் கல்வி ஆராய்ச்சி பயிற்சிக் கழகம் தன் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் மரபியலும் பரிணாமமும் என்ற பாடத்திலிருந்து பரிணாமத்தை நீக்கி, மரபியலை மட்டும் வைத்தது. பெருந்தொற்றுக்குப் பின் மாணவர் சுமையைக் குறைக்கவே இது, பன்னிரண்டாம் வகுப்பில் அந்தப் பாடம் இருக்கிறது என்பது அவர்கள் விளக்கம். எந்த வேதத்தின் பேரும் அங்கே பேசப்படவில்லை. 1800-க்கு மேற்பட்ட விஞ்ஞானிகளும் ஆசிரியர்களும் கையெழுத்திட்டு எதிர்த்தார்கள். காரணம் எதுவானாலும் விளைவு ஒன்றுதான். பத்தாம் வகுப்போடு உயிரியலை விட்டுவிடும் பிள்ளைகள் தாங்கள் எங்கிருந்து வந்தோம் என்பதை வகுப்பறையில் ஒருபோதும் கேட்க மாட்டார்கள். தமிழ்நாட்டு மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு நூலில் உயிரின் தோற்றமும் பரிணாமமும் ஒரு பாடமாகவே இருக்கிறது. ஆசிரியர்கள் அதைத் தேர்வுக்கான கேள்வி பதிலாகச் சுருக்கிவிடாமல் முழுமையாக நடத்த வேண்டும். மத்திய நூலிலும் அந்தப் பாடம் திரும்பி வர வேண்டும் என்று பெற்றோரும் எழுதிக் கேட்க வேண்டும்.